வேலை நேரம் பதியும் செயலி: சம்பளப் பட்டியல் போட்டவளின் பார்வையில்

தொழிலாளி தன் வேலை நேரத்தைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும் கைப்பேசிச் செயலிகள் பல வந்துவிட்டன. அவற்றில் எங்களிடம் வருபவர்கள் அதிகம் வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்த குறைகள் இந்த ஒன்றோடு நிற்பவை அல்ல. பெயரைச் சொன்னால் இதை ஒதுக்கிவிட்டு, அதே குறை உள்ள இன்னொன்றைத் தேடிப் போட்டுக்கொள்வார்கள். எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தால், எந்தச் செயலி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நான் பல வருடங்கள் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டவள். இப்போது மாலை நேரங்களில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, சம்பளம் குறைகிறது என்று வருபவர்களின் சீட்டைப் படித்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எனப் பலரும் வருகிறார்கள். கைப்பேசி பழகியவர்களுக்கு இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, மாதக் கடைசியில் இதன் கணக்கையும் நிர்வாகம் கொடுத்த சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அப்படிப் பார்த்ததில் தெரிந்தவை.

முதலில் இதன் பலம். மாத முடிவில் கையில் வந்த தொகையை எழுதினால், பதிந்த மொத்த மணி நேரத்தால் அதை வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் காட்டுகிறது. இந்த ஓர் எண்ணுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். குறைந்தபட்ச ஊதியத்தைச் சீட்டில் வெளிப்படையாகக் குறைத்து எழுதுபவர்கள் அபூர்வம். சீட்டில் உள்ள தொகை சட்டம் சொன்ன தொகையாகவே இருக்கும். ஓட்டை வேலை நேரக் கணக்கில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம், சம்பளம் 12,480. சீட்டில் அப்படியே இருக்கிறது, ஆய்வாளர் வந்தால் காட்டவும் செய்வார்கள். ஆனால் அந்தப் பெண் தினமும் 10 மணி நேரம் நின்று வேலை செய்திருக்கிறாள். 12,480ஐ 260ஆல் வகுத்தால் மணிக்கு 48. இன்னும் சீருடைக்கு 520 பிடித்திருந்தால் 46. மிகைநேரத்துக்குரிய கூடுதல் விகிதத்தை இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1919இல் இயற்றிய முதல் உடன்படிக்கையிலேயே மிகைநேரத்துக்குச் சாதாரண விகிதத்தைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்று இருக்கிறது. பல நாடுகளின் சட்டங்கள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று அதற்கு மேலும் போகின்றன. 60 என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் திரையில் 46 என்ற எண்ணைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். நான் வாயால் எவ்வளவு விளக்கினாலும் அந்த மாற்றம் வந்ததில்லை.

"ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தாய்?" என்ற கேள்வியை எதிர்கொள்ளவும் இந்த எண் உதவுகிறது. அதே அமைப்பு 1970இல் இயற்றிய 131ஆம் உடன்படிக்கை, அதை ஏற்ற நாடுகளில் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு, அதைக் குறைக்க இடமில்லை, மீறுபவர் தண்டனைக்கு உள்ளாவார் என்கிறது. தொழிலாளி சம்மதித்தாள் என்பது அதற்கு விடையாகாது. சம்மதத்தை வைத்து என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் 1909இல் இயற்றிய சட்டத்தின் கீழ், வீட்டிலேயே உலை வைத்துச் சங்கிலி அடித்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது. அந்தப் புதிய கூலியை உடனே கொடுக்காமல் ஆறு மாதம் தள்ளிப்போட, அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு வாசலைச் சில முதலாளிகள் பயன்படுத்தினார்கள்: புதிய கூலி வேண்டாம் என்று எழுதிய தாளில், படிக்கத் தெரியாத பெண்களிடமும் கைநாட்டு வாங்கினார்கள். 1910இல் கிரேட்லி ஹீத் என்ற ஊரில் மேரி மெக்கார்தர் தலைமையில் அந்தப் பெண்கள் வாரக்கணக்கில் வேலையை நிறுத்தி, உரிய கூலியை வாங்கினார்கள். இன்றும் என் மேஜைக்கு வரும் தாள்களில் படிக்காமல் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. செயலியில் படம் எடுத்துச் சேர்க்கும் வசதி இருக்கிறது. எதில் கையெழுத்துக் கேட்டாலும் போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து அன்றைய தேதியில் சேர்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நிலுவையைக் கூட்டிக்கொண்டே போகும் வசதியும் நன்றாக இருக்கிறது. அந்தந்த மாதம் வர வேண்டியது, வந்தது, வித்தியாசம் என்று மூன்று வரிகள். மாத வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். இவ்வளவுக்காகவா புகார் என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்த எல்சி பாரிஷ், பெண்களுக்கு வாரம் 48 மணி நேரத்துக்கு 14.50 டாலர் என்று மாநிலம் நிர்ணயித்த ஊதியத்தில் தனக்குக் குறைந்ததைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அவர் கேட்ட தொகை 216.19 டாலர். 1937இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் அங்கே செல்லும் என்பது அந்த வழக்கில்தான் நிலைபெற்றது. சில்லறைக் காசு வரை எழுதிக் கேட்ட அந்தத் தொகையை நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

இனி, என்னைக் கோபப்படுத்திய இடம். செயலியை நிறுவியதும், நேரத்தைப் பக்கத்துக் கால் மணிக்கு மாற்றிப் பதியும் அமைப்பு தானாகவே இயங்குகிறது. காலை 8.53க்குப் பொத்தானை அழுத்தினால் 9.00 என்று எழுதுகிறது. மாலை 6.07க்கு அழுத்தினால் 6.00. கணக்கு எளிதாக இருக்கும், கூடுதலும் குறைவும் நாளடைவில் சமமாகிவிடும் என்று உதவிப் பக்கத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சமமாகாது. தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளம் போகும் இடத்தில் யாரும் தாமதமாக வருவதில்லை. எல்லோரும் சில நிமிடம் முன்னால் வருகிறார்கள், வந்தவுடன் வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள், சில நிமிடம் பின்னால் விடுகிறார்கள். இழப்பு எப்போதும் ஒரே பக்கம். நாளுக்கு 14 நிமிடம் என்றால் 26 நாளில் 364 நிமிடம், அதாவது 6 மணி 4 நிமிடம். தொழிலாளிக்காகச் செய்ததாகச் சொல்லும் செயலியே அதை முதலில் அழித்துவிடுகிறது.

இது புதிய தந்திரமும் அல்ல. அமெரிக்காவில் மவுன்ட் கிளெமன்ஸ் என்ற இடத்தில் இருந்த மண்பாண்டத் தொழிற்சாலையில், அட்டையைக் கடிகாரத்தில் குத்திய நேரத்திலிருந்து கணக்கிடாமல், உள்ளே வரும்போது அடுத்த கால் மணியிலிருந்தும் வெளியே போகும்போது முந்தைய கால் மணி வரையும் மட்டும் கணக்கிட்டார்கள். இப்படிச் செய்ததில், கடிகாரம் காட்டியதைவிட ஒரு நாளைக்கு 56 நிமிடம் வரை குறைய வாய்ப்பு இருந்தது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. 1946இல் வந்த அந்தத் தீர்ப்பை வேறொரு காரணத்துக்காக நான் பெரிதும் மதிக்கிறேன். நிர்வாகம் சரியான பதிவேடு வைக்கவில்லை என்றால், அதன் பலன் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. எவ்வளவு நேரம் உழைத்தோம் என்பதை நியாயமாக ஊகிக்கும் அளவுக்குத் தொழிலாளி ஆதாரம் காட்டினால் போதும், அதை மறுக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் மேல் விழும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வேலை நேரமாகச் சேர்த்த, கடிகாரத்திலிருந்து வேலை இடம் வரை நடக்கும் நேரம் போன்றவற்றை அடுத்த ஆண்டே வேறு சட்டம் இயற்றிக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். பதிவேடு பற்றிய இந்த விதி நிலைத்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2019 மே 14 அன்று, ஒவ்வொரு தொழிலாளியின் தினசரி வேலை நேரத்தையும் அளக்க நம்பகமான, அவர்களால் பார்க்க முடிகிற ஒரு முறையை நிர்வாகங்கள் வைத்திருக்கும்படி உறுப்பு நாடுகள் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தது ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கம். நேரம் குறிக்கும் வேலை உண்மையில் நிர்வாகத்துடையது. அவர்கள் செய்யாததால்தான், நாள் முழுவதும் நின்று களைத்தவள் கைப்பேசியை எடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. அப்படி அழுத்தியதையாவது உள்ளது உள்ளபடி எழுத வேண்டாமா?

கால் மணி மாற்றத்தில் இன்னொரு கேடு இருக்கிறது. இது பதிவேடு படித்தவர்களுக்குத்தான் சட்டென்று தெரியும். மாதம் முழுவதும் 9.00, 6.00, 9.00, 6.00 என்று ஒரே மாதிரி இருக்கும் வருகைப் பதிவேட்டைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியது என்பது தெரிந்துவிடும். மனிதர்கள் 8.54க்கும் 8.56க்கும் வருகிறார்கள், மழை நாளில் 8.59 ஆகிறது, சரக்கு வந்த நாளில் 7.36 வரை நிற்கிறார்கள். உண்மையான பதிவுக்கு அந்த ஒழுங்கின்மைதான் அடையாளம். செயலி அதைத் துடைத்துவிட்டு, நிர்வாகத்தின் பொய்ப் பதிவேட்டைப் போலவே தொழிலாளியின் உண்மைப் பதிவையும் ஆக்கிவிடுகிறது. அமைப்புகள் பக்கத்தில் கீழே போனால் இதை நிறுத்தலாம். ஆனால் எங்கே இருக்கிறது என்று நான் காட்டிக்கொடுத்தவர்கள் தவிர வேறு யாரும் அதைக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பெரிய குறை, செயலியில் இரண்டே பொத்தான்கள்: "வேலை", "இடைவேளை". சம்பளத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பற்றியது. காவலாளி இரவில் அறையில் படுத்திருக்கிறார், மணி அடித்தால் எழ வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டும் பெண், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் இருக்கிறது. கடையில் ஷட்டர் திறக்கும் வரை வாசலில் நிற்கும் நேரம், வேலை முடிந்தபின் பையைச் சோதனை போட வரிசையில் நிற்கும் நேரம். இவை எதில் சேரும்?

சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. நிலையான பணியிடம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும், கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரம்தான் என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ 2021இல், இரவு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் தூங்கும் நேரம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேராது, வேலைக்காக விழித்திருக்கும் நேரம் மட்டும் சேரும் என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அழைப்புக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? ஆனால் தீர்ப்பு அப்படி இருக்கும்போது, எத்தனை மணிக்கு எழுந்தாள், எவ்வளவு நேரம் விழித்திருந்தாள் என்பது நிமிடக் கணக்கில் தேவைப்படுகிறது. வீட்டுப் பணியாளர்களுக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் இயற்றிய 189ஆம் உடன்படிக்கையும், தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது.

இதற்கெல்லாம் "காத்திருப்பு", "பயணம்" என்று இன்னும் இரண்டு பொத்தான்கள் போதும். அவை சம்பளத்துக்கு உரியவையா என்று செயலி தீர்மானிக்க வேண்டியதில்லை. தனியாகக் குறித்து வைத்தால் அதை ஆய்வாளரோ நீதிமன்றமோ தீர்மானிக்கும். இப்போது என்ன நடக்கிறது என்றால், தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண் இரவு முழுவதையும் "இடைவேளை" என்று தன் கையாலேயே பதிந்துவிடுகிறாள். பிறகு அதே பதிவை எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டி, அவளே ஓய்வு என்று எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று சொல்ல முடியும். இந்தக் காரணத்தால் வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு இந்தச் செயலியை நான் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பிடித்தங்களை எழுத ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருக்கிறார்கள். சட்டப்படியான வரியும் சேமநிதியும் ஒரு வகை. உடைந்த பொருளுக்கு, சீருடைக்கு, வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு என்று பிடிப்பது வேறு வகை. அதே அமைப்பின் 1949இல் வந்த 95ஆம் உடன்படிக்கை, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்தவை தவிர வேறு பிடித்தம் கூடாது என்கிறது. வேலை கிடைப்பதற்காகவோ வேலையில் நீடிப்பதற்காகவோ நிர்வாகத்துக்கோ இடைத்தரகருக்கோ சம்பளத்திலிருந்து பணம் போகக் கூடாது என்று தனியாகவும் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் கூட்டிப் போட்டால் எது எது என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது. குறிப்பு எழுதும் இடத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லிச் சமாளிக்கிறோம்.

பாதுகாத்து வைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டணம் இல்லாத பதிப்பில், மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவுகள் தானாக அழிந்துவிடுகின்றன. வேலையில் இருக்கும்போது யாரும் புகார் கொடுப்பதில்லை. வேலையை விட்டபின், அல்லது விலக்கப்பட்டபின்தான் வருகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஊதிய வழக்குக்கு இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியப் பதிவுகளை நிர்வாகம் ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். நிர்வாகத்தின் கையில் ஆறு ஆண்டுப் பதிவு இருக்கும்போது தொழிலாளியின் கையில் மூன்று மாதம்! கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு இது தேவைப்படுவது குறைவு. கட்ட முடியாதவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை.

பதிவைத் திருத்தும் முறையும் சரியில்லை. போன வாரம் பதிந்ததை இன்று மாற்றினால், மாற்றியதற்கான தடயமே இல்லாமல் புதிய நேரம் நிற்கிறது. மறந்துபோய்ப் பிறகு எழுதுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது எழுதியது, எப்போது மாற்றியது என்பதைச் செயலி காட்டினால், அன்றைக்கே எழுதிய மற்ற வரிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கூடும்! தாள் நோட்டில் அடித்து எழுதினால் அடித்தது தெரியும். அந்த நேர்மைகூட இதில் இல்லை.

"நிர்வாகத்தை இணை" என்று ஒரு வசதி புதிதாக வந்திருக்கிறது. மேலாளர் உங்கள் பதிவைப் பார்க்கலாம், "ஒப்புதல்" கொடுக்கலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். ஒப்புதல் தராத வரிகள் மங்கிப்போய் மொத்தத்தில் சேராமல் போகின்றன. நீங்கள் உங்களுக்காக வைத்த பதிவு அந்தக் கணத்தில் அவர்களுடைய பதிவேடாக மாறிவிடுகிறது. இருப்பிடத்தைப் பதியும் அனுமதியை மட்டும் வேலைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கொடுக்கலாம், ஆதாரமாக உதவும். எப்போதும் இயங்கும்படி விட வேண்டாம்.

உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இதில் எதுவுமே இல்லை. உருப்படிக் கூலி என்றால் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பல நாடுகளில் பொருந்தும். எத்தனை உருப்படி, எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அதைக் கணக்கிட முடியும்.

ஆகவே யாருக்கு இதைச் சொல்வேன்? ஷிப்ட்டில் வந்து போகும் வேலை, மணிக்கணக்கு அல்லது மாதச் சம்பளம், கைப்பேசியை வேலை இடத்துக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டவுடன் அமைப்புகளுக்குப் போய்க் கால் மணி மாற்றத்தை நிறுத்துங்கள். இடைவேளை என்று தானாக ஒரு மணி நேரம் கழிக்கும் அமைப்பு இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, உண்மையில் உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தை மட்டும் குறியுங்கள். சம்பளச் சீட்டையும் வங்கியில் பணம் ஏறிய செய்தியையும் அந்தந்த மாதத்தில் படமாகச் சேருங்கள். 95ஆம் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சம்பளம் கொடுக்கும்போது அதன் விவரத்தையும் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சீட்டே தரவில்லை என்றால் "சீட்டுத் தரவில்லை" என்று அந்தத் தேதியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தப் பதிவையும் கோப்பாக எடுத்து, உங்கள் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பிவையுங்கள்.

தங்கி வேலை செய்பவர்கள், உருப்படிக் கூலிக்காரர்கள், கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களில் இருப்பவர்கள் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்குங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காத்திருந்த நேரம், பயணம், உருப்படி, யார் வேலை சொன்னார்கள் என்று ஏழு பத்திகள். பக்கத்தைக் கிழிக்காமல், வரியை விடாமல், அன்றன்று எழுதுங்கள். மாதக் கடைசியில் சீட்டோடு எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்சங்க அலுவலகத்துக்கோ தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ போய், இருவர் கணக்கையும் ஒப்பிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.